பாரூர்க் கழுத்து

பசி ராசாத்திக்குப் பழகிப்போயிருந்தது. காலை ஷிஃப்ட் என்றால் முந்தின நாள் மதியத்தோடு சோற்றை நிறுத்திவிடுவாள். ராத்திரி ஒரு டம்ளர் மோர். விடிந்தால் அதுவும் கிடையாது. வயிற்றில் ஒன்றும் இல்லாவிட்டால் போவதற்கும் ஒன்றும் இருக்காது என்று நினைத்தாள். அப்படி நடக்கவில்லை. வெறும் தண்ணியாகப் போனது. கம்பெனி பஸ் சிப்காட்டுக்குள் திரும்பும்போதே தொடை நடுங்கும், கண்ணுக்கு முன்னால் பூச்சி பறக்கும். முன் சீட்டுக் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, பாத்ரூம் காலியாக இருக்க வேண்டும் என்பதைத் தவிர வேறு எதையும் நினைக்காமல் இறங்குவாள்.

காருக்குள் ஓடுகிற ஒயர்களைக் கட்டுக் கட்டாகக் கட்டித் தருகிற கம்பெனி அது. பெரிய பலகைகள் லைனில் நகர்ந்துகொண்டே வரும். பெண்கள் வரிசையாக நின்று, தன் முன்னால் வரும்போது சிவப்பை இங்கே சொருகி, மஞ்சளை அங்கே சொருகி, டேப் சுற்றி அடுத்தவளுக்கு விட வேண்டும். அவசரத்துக்குப் போக வேண்டுமென்றால் "ரிலீவர்" என்று கத்த வேண்டும். லைன் சத்தத்தைத் தாண்டிக் கேட்கிற மாதிரி. ரிலீவர் வந்து, பலகையில் கை வைத்து, "கை வெச்சிட்டன், போ" என்று சொல்ல வேண்டும். அதற்கப்புறம்தான் நின்றவள் காலை எடுக்கலாம். அதற்கு முன்னால் நகர்ந்தால் பலகை அரைகுறையாகப் போகும், லைன் நிற்கும், எல்லோருடைய இன்சென்டிவிலும் மண் விழும்.

அந்த லைனுக்கு ரிலீவர் கெம்பம்மா. தளிப் பக்கத்துக்காரி. வீட்டில் கன்னடம், லைனில் தமிழ், கோபம் வந்தால் இரண்டும்.

"ஏனம்மா இது? இப்பத்தான போய்ட்டு வந்த! உள்ள என்னா, பிளாட் வாங்கிப் போட்டிருக்கியா?"

"வாடகைக்குத்தான் அக்கா. சீக்கிரம் கை வை."

"கை வெச்சிட்டன், போ. வரும்போது பத்திரத்தை எடுத்துட்டு வா."

லைன் சிரிக்கும். ராசாத்தியும் சிரித்துக்கொண்டே ஓடுவாள். திரும்பி வரும்போது சில நாள் மார்பிலிருந்து முகம், காது வரைக்கும் செக்கச்செவேல் என்று எரியும். அதற்கும் ஒரு பேச்சு தயாராக இருக்கும்.

"மூஞ்சியைப் பாருங்கடி. மாமன் நெனப்பு வந்துடுச்சு."

"போன்கூட லாக்கர்லதான இருக்குது?"

"போன் எதுக்கு? நெனச்சாலே செவக்குற ஒடம்பு அது."

ராசாத்தியின் புருஷன் ரத்தினவேல் அவளுக்குச் சொந்தத் தாய்மாமன். அம்மாவுக்குக் கடைசித் தம்பி. லைன் முழுக்கத் தெரிந்த விஷயம். பத்தொன்பது வயதில் ஒரு பெண் இருக்கிறவளை இன்னும் புது மணப்பெண் மாதிரிக் கிண்டல் செய்தார்கள் என்றால் அதற்கு அந்தச் சிவப்புதான் காரணம். ராசாத்திக்கு அது பிடித்தும் இருந்தது. வீட்டுக்கு வந்து ரத்தினவேலிடம் சொல்லுவாள். வார்ப்படப் பட்டறையில் கிரைண்டிங் பிடித்துவிட்டு, உடம்பெல்லாம் இரும்புத் தூளாக உட்கார்ந்திருக்கிறவன், "நெனச்சுக்கோ நெனச்சுக்கோ, அதுக்கு ஒண்ணும் சம்பளத்துல புடிக்க மாட்டாங்க" என்பான்.

கழுத்துக்கு வருகிறேன். அவர்களுக்குப் பூர்வீகம் பாரூர். ஏரிப் பாசனத்தில் அடுத்தவன் கரும்பை வெட்டிப் பிழைத்த குடும்பம். சந்தையில் யாராவது ராசாத்தியைப் பார்த்தால், "நீ பார்வதி மவதான? கழுத்தே சொல்லுதே" என்பார்கள். பார்வதிக்கு உருண்டு திரண்ட கழுத்து. எலுமிச்சம்பழத்தை விழுங்கப் பார்த்துப் பாதியில் நிறுத்தினது போல முன்னால் ஒரு மேடு. பார்வதியின் அப்பனுக்கும் அதே. அந்த வீட்டில் கழுத்து ஒட்டினாற்போலப் பிறந்த பிள்ளையைத்தான் சவலை என்று சொன்னார்கள். சங்கிலி போட்டால் எடுப்பாக உட்காரும், அதிர்ஷ்டக் கழுத்து என்று பேர். ராசாத்தி பெரியவளானபோது பார்வதி தீர்த்துச் சொன்னாள்: "இந்தக் கழுத்து வெளிய போவக் கூடாது. என் தம்பிக்குத்தான் குடுப்பன்." கொடுத்தாள். கொடுத்துவிட்டு அதிக நாள் இருக்கவில்லை. வயிறு நிற்காமல் போய் எலும்பாகிச் செத்தாள். சூட்டு உடம்பு என்றார்கள். அவள் அப்பன் அதற்கும் முன்னாலேயே, குடலிறக்கத்துக்கு ஆபரேஷன் செய்யப் படுத்த இடத்தில், மயக்க ஊசி போட்டதும் நெஞ்சடைத்துப் போய்விட்டான். பயந்த சுபாவம் என்றார்கள்.

ராசாத்தியின் மேடு வலது பக்கம் பெருத்தபோது ரத்தினவேல் பயப்படவில்லை என்று சொல்ல முடியாது. ஓசூரில் ஒரு லேபுக்குக் கூட்டிப் போய் தைராய்டுக்கு ரத்தம் கொடுத்தார்கள். எல்லாம் நார்மல் என்று வந்தது. தைராய்டு நார்மல் என்றால் தைராய்டில் ஒன்றும் இல்லை என்றுதான் யாருக்கும் தோன்றும். திரும்பும் வழியில் பிரியாணி வாங்கினான். மகள் ஸ்வாதி அம்மாவை நிற்க வைத்துக் கழுத்தைப் போட்டோ எடுத்து, "பாரூர் பிராண்ட், ஐஎஸ்ஐ முத்திரை" என்று ஸ்டேட்டஸ் வைத்தாள். கழுத்துக் கவலை அன்றோடு முடிந்தது.

வயிற்றுக்கு வேறு டாக்டர். அவர் மாத்திரை கொடுத்தார், காரத்தைக் குறைக்கச் சொன்னார். கழுத்தைக் காட்டின இடத்தில் ராசாத்தி வயிற்றைச் சொல்லவில்லை. வயிற்றைச் சொன்ன இடத்தில் முந்தானையை இழுத்து மூடி உட்கார்ந்திருந்தாள். முகம் சிவப்பதை எங்கேயும் சொல்லவில்லை. அது டாக்டரிடம் சொல்கிற சங்கதியா?

முதலில் குரல் கம்மியது. சளி என்றாள். ஒரு செவ்வாய்க்கிழமை, லைன் முழு வேகத்தில் ஓடும்போது, அவள் "ரிலீவர்" என்று வாயைத் திறந்தாள். காற்றுதான் வந்தது. மறுபடி கத்தினாள். பஞ்சரான டியூப் மாதிரி ஒரு சீறல். கெம்பம்மா அந்தக் கோடியில் முதுகைக் காட்டி நின்றிருந்தாள். பக்கத்தில் இருந்தவள் காதில் பஞ்சு. பலகை வந்துவிட்டது. கை வைக்க ஆள் இல்லை. ராசாத்தி சிவப்பைச் சொருகினாள். மஞ்சளைச் சொருகினாள். நின்றபடியே போய்விட்டது. பேண்ட் நனைந்து ஷூவுக்குள் இறங்கியது. அவள் டேப்பைச் சுற்றி முடித்து அடுத்தவளுக்கு விட்டாள்.

"யாருக்கா தண்ணிய கொட்டுனது?" என்று கேட்டுக்கொண்டே வந்தான் லைன் லீடர் டெல்வின். நாகர்கோவில் பையன், டிப்ளமோ. பக்கத்தில் வந்த பிறகுதான் அவனுக்குப் புரிந்தது. போய் லைனை நிறுத்தினான். டார்கெட்டுக்கு உயிரை விடுகிறவன், அவனே நிறுத்தினான். யாரும் சிரிக்கவில்லை. அதுதான் ராசாத்திக்குத் தாங்கவில்லை.

கெம்பம்மா தன் கோட்டைக் கழற்றி அவள் இடுப்பில் கட்டிக் கூட்டிப்போனாள். பாத்ரூமில் உட்கார வைத்து மக்கால் தண்ணி மொண்டு ஊற்றிக் காலைக் கழுவினாள்.

"ஏன்டி கூப்பிடல? நான் செத்தா போய்ட்டன்?"

"கூப்பிட்டன் அக்கா" என்று ராசாத்தி சொன்னது அவளுக்குக் கேட்கவில்லை. வாய்க்குப் பக்கத்தில் காதைக் கொண்டு போனாள். மறுபடி சொன்னாள். கெம்பம்மா மக்கைக் கீழே வைத்துவிட்டாள்.

"நாளைக்கு லைனுக்கு வந்தன்னா காலை ஒடச்சிடுவன். ஆஸ்பத்திரிக்குப் போ."

ஓசூரில் பார்த்த டாக்டர் குரலைக் கேட்டதும் பெங்களூருக்கு எழுதிக் கொடுத்தார். அத்திப்பள்ளி தாண்டி இரண்டு பஸ் மாறிப் போனார்கள். அங்கே மேகலா என்கிற டாக்டரம்மா. கன்னடக்காரி, தமிழ் தெரியும். ராசாத்தியின் பின்னால் நின்று இரண்டு கை விரலாலும் கழுத்தைத் தடவினார். பக்கத்தில் இருந்த நெறிக்கட்டிகளை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார். அப்புறம் முன்னால் வந்து உட்கார்ந்து, கழுத்தை விட்டுவிட்டு, "வயிறு எப்படிம்மா?" என்றார்.

ராசாத்தி திடுக்கிட்டாள். தன் துணியில் வாடை வருகிறதோ என்று குனிந்து பார்த்துக்கொண்டாள்.

"முகம் திடீர்னு செவக்குமா? சூடா?"

ராசாத்தி ரத்தினவேலைப் பார்த்துத் தலையைக் கவிழ்த்துக்கொண்டாள். ரத்தினவேல் பல்லைக் காட்டினான். "ஆமாங்க டாக்டர், அது அப்பப்ப" என்றான். டாக்டர் சிரிக்கவில்லை.

ஊசி போட்டுக் கட்டியிலிருந்து எடுத்தார்கள். கால்சிடோனின் என்று ஒன்றைப் பார்க்க ரத்தம் எடுத்தார்கள். ஸ்கேன் எடுத்தார்கள். எல்லாம் வந்த பிறகு இருவரையும் உட்கார வைத்துச் சொன்னார்.

"மெடுல்லரின்னு பேரு. தைராய்டுல வர்ற கேன்சர்தான். ஆனா அபூர்வம். நூறு பேருக்குத் தைராய்டு கேன்சர்னா அதுல ரெண்டு மூணு பேருக்குத்தான் இது."

"தைராய்டு நார்மல்னு சொன்னாங்களே டாக்டர்." ரத்தினவேல் பிளாஸ்டிக் கவரிலிருந்து பழைய ரிப்போர்ட்டை எடுத்து நீட்டினான். மடிப்பில் பிரியாணி எண்ணெய்க் கறை.

"அது பொய் இல்ல. தைராய்டு தன் வேலையைச் செய்யுதான்னு பார்க்கற டெஸ்ட் அது. செய்யுது. இது அதே சுரப்பிக்குள்ள இருக்கற வேற செல்லுல வர்றது. அந்த டெஸ்ட்ல தெரியாது. இந்தச் செல்லு கால்சிடோனினை ரத்தத்துல கொட்டும், இன்னும் என்னென்னமோ கொட்டும். வயிறு போறதும் முகம் செவக்கறதும் அதாலதான். குரல் நரம்பையும் புடிச்சிருக்கு."

"எடுத்துட்டா சரியாயிடுமா?"

"கழுத்துல இருக்கறதை எடுக்கலாம்." ஸ்கேன் படத்தை அவர்கள் பக்கம் திருப்பினார். "கல்லீரலுக்குப் போயிருக்கு. நெறைய எடத்துல. மாத்திரை இருக்கு. தள்ளிப்போடலாம்."

ரத்தினவேல் அந்தக் கடைசி வார்த்தையைப் பிடித்துக்கொண்டு டாக்டரின் முகத்தையே பார்த்தான். ராசாத்தி வேறு ஒன்றைக் கேட்டாள். டாக்டர் குனிந்து கேட்க வேண்டியிருந்தது.

"அப்போ, செவந்ததும் இதாலதானா?"

"ஆமாம்மா."

"மாமன் நெனப்பு இல்லையா" என்று சிரித்தாள் ராசாத்தி. ரத்தினவேல் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அதற்கப்புறம் டாக்டர் குடும்பத்தைப் பற்றிக் கேட்க ஆரம்பித்தார். அம்மா எப்படி இறந்தார், தாத்தா எப்படி இறந்தார். மயக்க ஊசியில் போன தாத்தாவைப் பற்றி இரண்டு தடவை கேட்டார். "அட்ரினல்னு இன்னொரு சுரப்பி. சில குடும்பத்துல அங்கயும் கட்டி வரும். பிரஷர் எகிறும்" என்றார். பிறகு, "அது உங்க அம்மா வீடு. உங்க வீட்டுக்காரர் பக்கம் யாருக்காவது?"

"ரெண்டும் ஒரே வீடுதான் டாக்டர். இவரு எங்கம்மா கூடப்பொறந்த தம்பி."

டாக்டரின் பேனா நின்றது.

"பிள்ளைங்க?"

"ஒரே பொண்ணு."

டாக்டர் மெதுவாகத்தான் சொன்னார். ஒரு ஜீனில் பிசகு. வழிவழியாக வருகிறது. அப்பா அம்மாவில் ஒருத்தருக்கு இருந்தால் பிள்ளைக்கு வர பாதிக்குப் பாதி. இருவருக்கும் இருந்தால் பாதிக்கும் மேலே. மூன்று பேரும் ரத்தம் கொடுக்க வேண்டும். தெரிந்துவிட்டால் முன்கூட்டியே தைராய்டை எடுத்துவிடலாம், எடுத்துவிட்டால் பிழைக்கலாம்.

அடுத்த வாரம் ஸ்வாதியும் வந்தாள். செல்போன் கம்பெனியில் பேக்கிங் வேலை, லீவு சொல்லிவிட்டு வந்தாள். ராசாத்தி கொடுத்தாள். ஸ்வாதி கண்ணை மூடிக்கொண்டு கொடுத்தாள். ரத்தினவேல் சட்டைக் கையை மடித்துவிட்டு உட்கார்ந்தவன், பட்டறையிலிருந்து போன் வந்தது என்று எழுந்து வெளியே போனான். திரும்பி வந்தபோது ரத்தம் எடுக்கிற இடத்தைச் சாத்தியிருந்தார்கள்.

"அடுத்த தடவை குடுத்துக்கறன்" என்றான். கழுத்துத் துண்டை இறுக்கிக்கொண்டான்.

அந்தத் துண்டை அவன் பட்டறையில் நெருப்புப் பொறிக்காகப் போடுகிறான். வீட்டிலும் கழற்றுவதில்லை. சவரம் செய்யும்போது இடது பக்கம் புளியங்கொட்டை அளவுக்கு ஒன்று விரலில் தட்டுகிறது. முழுங்கினால் அதுவும் கூட ஏறி இறங்குகிறது. கிரைண்டிங் பிடிக்கும்போது சில சமயம் நெஞ்சு தடதடவென்று அடித்துக்கொண்டு, மண்டை பிளந்து, சட்டை நனைய வேர்க்கிறது. இரும்பு வேலையில் யாருக்குத்தான் வேர்க்கவில்லை என்று அவன் யாரிடமும் சொல்லவில்லை.

ஸ்வாதிக்கு இருந்தது.

டாக்டர் போனில் சொல்லாமல் வரச் சொன்னபோதே தெரிந்துவிட்டது. "சின்னதுதான். கடுகு மாதிரி. இப்பவே முழுசா எடுத்துட்டா இவளுக்கு ஆயுசு இருக்கு. தெனமும் ஒரு மாத்திரை, அவ்வளவுதான்." டாக்டர் அதை நல்ல செய்தியாகத்தான் சொன்னார். நல்ல செய்திதான்.

திரும்பி வரும்போது பஸ் அத்திப்பள்ளியில் டிராஃபிக்கில் நின்றது. ஸ்வாதி ஜன்னலைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"தாலி ஏறுற எடத்துலயா அம்மா தையல் வரும்?"

"செயின் போட்டா மறஞ்சிடும் கண்ணு."

"அதிர்ஷ்டக் கழுத்து" என்றாள் ஸ்வாதி.

வீட்டுக்கு வந்ததும் ராசாத்தி சமையல் மேடைக்குக் கீழே உட்கார்ந்து நெற்றியில் அடித்துக்கொண்டாள். சத்தம் வராத அழுகை. வாய் மட்டும் திறந்து மூடியது. "நான் குடுத்தன். என் வயித்துல வெச்சு நான்தான் குடுத்தன்." ரத்தினவேல் அவள் கையைப் பிடித்துத் தடுத்தான். "ஒருத்தரும் யாருக்கும் குடுக்கல" என்றான்.

ஸ்வாதிக்கு ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. ராசாத்திக்குக் கழுத்துக் கட்டியை எடுத்தார்கள், மாத்திரையும் கொடுத்தார்கள். மாத்திரை கொஞ்ச காலம் கேட்டது. வயிறு போவதுகூட நின்று, ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆசை தீரச் சாப்பிட்டாள். பிறகு கேட்பதை நிறுத்திக்கொண்டது. கண் மஞ்சளானது. பாகலூர் ரோட்டு லைன் வீட்டில், ஜன்னல் ஓரம் கட்டிலில் படுத்தே கிடந்தாள்.

போகும்போதெல்லாம் மேகலா டாக்டர் ரத்தினவேலைக் கேட்டார். அவனிடம் ஒவ்வொரு தடவையும் ஒரு காரணம் இருந்தது. பாப்பா ஆபரேஷன் முடியட்டும். லீவு இல்லை. மேஸ்திரி மாறியிருக்கிறான். எனக்கும் ஒன்று என்று வந்தால் இவளை யார் தூக்கி உட்கார வைப்பது? அந்தக் கடைசிக் காரணம் உண்மையும்கூட. அவன்தான் அவளைத் தூக்கினான், கழுவினான், துணி மாற்றினான். ஒரு நாளும் முகம் சுளிக்கவில்லை.

ஒரு மதியம் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தபோது அவள் கையைத் தட்டிக் கூப்பிட்டாள். அவன் குனிந்து காதைக் கொடுத்தான்.

"ரத்தம் குடுத்தியா மாமா?"

"குடுக்கறன் புள்ள."

"உனக்கு ஒண்ணும் இருக்கக் கூடாதுன்னுதான் சாமியைக் கேக்கறன்." மூச்சு வாங்கினாள். "ஆனா ஒரு ஒரு நேரம், உனக்கும் இருந்தா தேவலன்னு நெனச்சிடறன்."

"ஏன்?"

"அப்போ பாப்பாவுக்கு நான் மட்டும் குடுத்ததுன்னு இருக்காது இல்ல? யாருகிட்ட இருந்து வந்துச்சோன்னு ஆயிடும். நான் கொஞ்சம் லேசா போவன்." கண்ணோரம் வழிந்தது காதுக்குள் போனது. "என்னா பொம்பள பாரு நானு. கட்டுன புருஷனுக்கு நோவு கேக்கறன்."

ரத்தினவேலின் கை துண்டுக்குப் போனது. அவிழ்த்து, அவள் விரலை எடுத்து அந்தப் புளியங்கொட்டை மேல் வைத்திருந்தால் போதும். டாக்டர் வேண்டாம், லேப் வேண்டாம். அவளுக்கு அது போதும். அவன் துண்டின் நுனியை எடுத்து அவள் காதைத் துடைத்தான்.

"நாளைக்கே போய்க் குடுத்துடறன்" என்றான்.

"குடு மாமா."

நாளைக்குப் போகவில்லை. அதற்கு மறுநாளும் போகவில்லை. அவள் மறுபடி கேட்கவில்லை. கேட்கிற சீவன் இல்லை. அந்த வாரக் கடைசியில் செத்தாள்.

கம்பெனிப் பெண்கள் ஷிஃப்ட் முடிந்து சீருடையோடு வந்தார்கள். டெல்வின் மாலை வாங்கி வந்து, எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றான். கெம்பம்மா அழவில்லை. நேராகப் போய் ராசாத்தியின் தலைமாட்டில் உட்கார்ந்தாள். விறைத்துக் கிடந்த கையின் மேல் தன் கையை வைத்தாள்.

"கை வெச்சிட்டன்" என்றாள். "போ ராசாத்தி."

அப்போதுதான் அந்த லைன் பெண்கள் அத்தனை பேரும் ஓவென்று கத்தினார்கள்.

காரியம் முடிந்து ஸ்வாதி வேலைக்குப் போக ஆரம்பித்துவிட்டாள். கழுத்தில் குறுக்கே செம்பழுப்பாக ஒரு கோடு. மறைப்பதில்லை. காலையில் மாத்திரையைப் போட்டுவிட்டு, அப்பனுக்கும் சேர்த்து டிபன் கட்டுகிறாள். நேற்றுக் காலையும் கட்டிக்கொண்டே சொன்னாள்.

"ஆஸ்பத்திரியில இருந்து போன் பண்ணாங்க. ரத்தினவேல் சாம்பிள் இன்னும் வரலையாம்."

"போவணும்."

"துண்டை எடு அப்பா, நான் பாக்கறன்."

"நேரமாச்சு பாப்பா. பஸ் போயிடும்."

"அம்மாவுக்கு என்னான்னு யாருக்கும் தெரியல. அதனால செத்தா. உனக்குத் தெரியுது இல்ல?"

ரத்தினவேல் டிபனை வாங்கிக்கொண்டு, துண்டை இன்னொரு சுற்று சுற்றி இறங்கினான். பட்டறையில் கிரைண்டிங் வீலைப் பிடித்து நின்றான். பொறி பறந்தது. நெஞ்சு தடதடவென்று அடித்தது, வேர்த்தது. முழுங்கினான். அது ஏறி இறங்கியது.

ராசாத்திக்கு அவன் தர வேண்டியது ஒரு டியூப் ரத்தம். இன்னும் தரவில்லை.